ஆணி அடிக்காத மாடி

அரிசிப்பாளையத்து மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த அன்று வீட்டுக்காரம்மாள் தெய்வநாயகி ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாள். மாடிப்படி ஏறிக்கொண்டே சொன்னதால் அது இரண்டு துண்டாக வந்தது.

“சுவத்துல ஆணி…” என்று தொடங்கி, நாலு படி ஏறி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கி, “அடிக்கக் கூடாது” என்று முடித்தாள்.

என் கணவர் சென்னியப்பன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு யோசிப்பது அவருக்கு உத்தியோகத்தில் வந்த பழக்கம். “ஆகட்டுங்கம்மா” என்றார். நான் மார்போடு அணைத்திருந்த கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

“அது என்னாடி, சாமி படமா?”

“கண்ணாடிங்க.”

“கண்ணாடின்னா மேசை மேல நிக்கட்டும். சுவத்துல வேணாம். உங்களுக்கு முன்னால அஞ்சு குடித்தனம் பாத்தாச்சு. கடேசியா இருந்த வாத்தியாரு ஒரு காலண்டராலதான் போனாரு. ஆடி பொறக்கட்டும். சுவரு எப்படி இருக்குன்னு வந்து பாத்துட்டு, இருங்க இல்ல போங்கன்னு சொல்றேன்.”

எங்களிடம் மேசை இல்லை.

ஆடி என்ற பேச்சை அந்த வாரத்தில் நான் கேட்டது அது இரண்டாவது முறை. முதலில் சொன்னவர் என் மாமனார். அவர்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் மேட்டுக்காடு; மழையைப் பார்த்து விதைத்து, மழையைத் திட்டிக்கொண்டே அறுக்கும் பண்ணையம். மகன் ஓட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டான் என்பதற்காகத்தான் என்னைச் சேலத்துக்கு அனுப்பச் சம்மதித்தார். அதுவும் அரை மனதாக.

“ஆடி வரைக்கும் இருந்து பாரு அம்முணி. ஊடு அமையிலீன்னா பதினெட்டாம் நோம்பிக்கு உங்கப்பன் ஊட்டுக்குப் போயிட்டு நேரா இங்க வந்துரு. அவன் பழையபடி ஓட்டல்லயே உங்கட்டும். கடலைக்காட்டுல களை கெடக்குது.”

ஆக, நான் சேலத்தில் குடித்தனம் நடத்துவதா, கடலைக்காட்டில் குனிவதா என்பது தெய்வநாயகியம்மாளின் நாலு சுவர்களில் இருந்தது.

எனக்கு வேலைக்குப் பயம் கிடையாது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவள். குனிவதும் நிமிர்வதும் பிறவியிலேயே வந்தவை. பின் எதற்காகத்தான் அந்த மாடியை அப்படிப் பற்றிக்கொண்டேன் என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிதான் வந்து நிற்கிறது.

அது என் சீர். தேக்குச் சட்டம் போட்டு, ஒன்றரை முழ நீளத்துக்கு, என் அண்ணன் சுப்பையன் கரூரில் சொல்லிச் செய்துகொண்டு வந்தது. மாமனார் வீட்டில் அதைத் தூணில் மாட்டியபோது, என் மூத்தார் உருமாலை கட்டிப் பார்க்க வசதியாக அவர் உயரத்துக்கு மாட்டினார்கள். கணவரின் அண்ணன் என்ற முறையில் அவருக்கு உரிமையும் உண்டு, ஆறடி உயரமும் உண்டு. நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தால் வகிடு தெரியும், நெற்றி தெரியும், பொட்டு நேராக இருக்கிறதா என்று தெரியும். அதற்குக் கீழே நான் கிடையாது.

கல்யாணமான தை முதல் சித்திரை வரை நான் நெற்றியளவுக்கு மட்டும் இருந்தேன். யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை. மாமியார் சோற்றுக்கு நெய் ஊற்றாத நாள் இல்லை. ஆனால், என் சீரில் வந்த கண்ணாடியில் என் மூஞ்சி தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பார்கள். குறைதானா என்று எனக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாத ஒன்றைத்தான் மனம் நாள் முழுக்க நாக்கில் அடக்கிய பாக்கைப் போலச் சப்பிக்கொண்டிருக்கிறது.

மாடி ஒரே நீள அறை. மூலையில் அடுப்பு, தெருப்பக்கம் ஒரு சின்ன வராந்தா, மேலே சீமை ஓட்டுக் கூரை. சுவர்கள் மட்டும் பார்க்கப் பார்க்கத் திகட்டாதவை; முட்டை ஓட்டைப் போல வழவழவென்று, துளி நீலம் கலந்த வெள்ளை. காலமான வீட்டுக்காரர் ஓவர்சியராக இருந்தவராம். தானே கூட நின்று, சுண்ணாம்பை அரைக்க வைத்து, பூச்சு பூச வைத்த வீடாம். தெருவெல்லாம் மேட்டூர்க் கரண்டு வந்து விளக்கு எரிந்தது. இந்த வீட்டில் மட்டும் அரிக்கேன். கரண்டுக் கம்பி போகவும் சுவரில் கட்டை அடிக்க வேண்டுமே.

முதல் வாரம் கண்ணாடி தரையில் சாய்ந்து நின்றது. அதில் என் பாதங்கள் மட்டும் தெரிந்தன. முன்பு நெற்றி, இப்போது பாதம்; நடுவில் இருப்பவள் எங்கே போனாளோ! கணவர் பாயில் குப்புறப் படுத்து மீசையைக் கத்தரித்துக்கொண்டார்.

“ஏனுங்க, இப்படியே எத்தன நாளைக்குங்க?”

“ஆடி வரைக்கும்,” என்றார், கத்தரிக்கோலை எடுக்காமலே.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு வாரா வாரம் வெற்றிலைக் கூடை கொண்டுவருபவர். ஒரு கவுளி வெற்றிலையை எனக்காக எடுத்து வைத்துவிட்டு, கூடையைக் கட்டியிருந்த ஈர வாழைநாரை உருவி ஒரு மூலையில் எறிந்தார். அதை எடுத்து வெளியே போடக் குனிந்தேன். கை போடவில்லை. நாரை விரலில் சுற்றி, தானாகவே ஒரு முடிச்சுப் போட்டது.

கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டுவது அந்த முடிச்சால்தான். கொடி வளர வேண்டும், அதனால் இறுக்கக்கூடாது. காற்றில் சரிந்துவிடவும் கூடாது, அதனால் தளர்த்தவும் கூடாது. ஒரு விரல் நுழையும் இடம் விட்டுக் கட்ட வேண்டும். எட்டு வயதில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். ஆயிரக்கணக்கான கொடிகளை ஆணி இல்லாமல் நிற்க வைத்த கை எனக்கு இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

“அண்ணா, அடுத்த வாரம் வாரப்ப நாரு நெறையா கொண்டாங்க. ரண்டு மூங்கிலும் வேணும். கூரை ஒசரத்துக்கு.”

“மூங்கில் எதுக்கு?”

“கொடி கட்ட.”

அண்ணன் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளை, எதுக்கும் சாக்கிரதையா இருங்க. இவ உங்களையும் சேத்துக் கட்டிப்போடுவா” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூங்கில்கள் வந்தன. கீழே கூடத்து வாசலில் தெய்வநாயகியம்மாள் நின்றிருந்தாள்.

“மூங்கில் எதுக்குடி?”

“துணி காயப்போடங்கம்மா.”

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆணிதான் கூடாது என்றாள், மூங்கில் கூடாது என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். கணவர்கூட, “கேட்டுட்டே செய்யலாமே” என்றார். கேட்டால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்ற பிறகு செய்தால் அது மீறுவது. கேட்காமல் செய்தால் அது வெறும் செய்வது. இந்த வித்தியாசத்தை நான் எங்கே கற்றேன் என்று தெரியவில்லை. பெண்கள் எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு மூங்கில்களையும் சுவரோரம் நிறுத்தி, காலடியில் பழந்துணி சுற்றி, தலையைக் கூரையின் கைமரத்தோடு சேர்த்துக் கட்டினேன். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி. கட்டும்போது கணவர் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் மேல தூக்கட்டா?”

“வேண்டாங்க. கொஞ்சம் கீழ.”

“எனக்குக் கழுத்து வரைக்குந்தான் தெரியும்.”

“நீங்க குனிஞ்சுக்கங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குனிந்து பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு, “குனிஞ்சாலும் அழகாத்தான் இருக்கறேன்” என்றார்.

அவர் கச்சேரிக்குப் போன பிறகு நான் மட்டும் அதன் முன் நின்றேன். நெற்றி, கண், மூக்கு, வாய், தாடை. தாடையில் ஒரு மச்சம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்ததா, நடுவில் வந்ததா என்று தெரியவில்லை. வெகு நாளைக்குப் பிறகு வந்த ஒரம்பரையை வரவேற்பது போல, “வாங்க” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கை நிற்கவில்லை. மூங்கிலிலிருந்து ஒரு பலகையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு அதில் டம்ளர்களை அடுக்கினேன். ஊறுகாய் ஜாடிக்கு உறி. பழைய பட்டுச் சேலையின் முந்தானையைக் கிழித்து வராந்தாக் கதவுக்குத் திரை. கணவரின் கோட்டுக்கு ஒரு வளையம், குடைக்கு ஒரு வளையம். எல்லாம் ஒரு விரல் இடம் விட்டு. அதனால் தெருவில் பாரவண்டி போனால் என் குடித்தனம் முழுக்க லேசாக ஆடும். “கப்பல்ல இருக்கறாப்பல இருக்குது” என்பார் கணவர். அவர் கப்பலைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

வாழைநாருக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்வரை எருமையைக்கூடக் கட்டலாம். காய்ந்தால் அப்பளம். கொடிக்காலில் வாய்க்கால் ஓடிக்கொண்டே இருப்பதால் அது ஒரு பிரச்சினையே இல்லை. சேலத்து வெயிலில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, அது பெரிய பிரச்சினை. ஆகவே காலையிலும் மாலையிலும் செம்பில் தண்ணீர் எடுத்து, அறை முழுக்கக் கட்டுக் கட்டாகத் தெளித்துக்கொண்டு வருவேன். மற்ற வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் கண்ணாடிக்கு ஊற்றினேன்.

வெளியே உட்காரும் நாட்களில் எங்கள் ஊரில் பெண்கள் கொடிக்காலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள். கொடி கருகிவிடுமாம். முதல் மாதம் அந்த மூன்று நாளில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மூங்கிலுக்குத் தள்ளி நின்று யோசித்தேன். கொடி கருகலாம். அறுத்துக் கிழித்த நாருக்கு இனிக் கருக என்ன இருக்கிறது? தெளித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் யோசிக்கவே மறந்துபோயிற்று. இது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த மாடியில் எனக்கு நடந்தவற்றில் அதை நான் பெரியதாகத்தான் வைத்திருக்கிறேன்.

தெய்வநாயகியம்மாளுக்கு முழங்கால் வலி. அவள் மாடிக்கு வரமாட்டாள், அவள் காது வரும். நான் மிளகாய் இடிக்க உலக்கையைத் தூக்கினால் போதும்.

“என்னாடி சத்தம்?”

“மொளகாய் இடிக்கறனுங்கம்மா!”

“மொளகாய் இப்படியா சத்தம் போடும்?”

“வரமொளகாயிங்க!”

கிணற்றடிக்கு அவர்கள் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். கூடத்தின் நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் வெள்ளைத் துண்டு போர்த்தி எதையோ சாய்த்து வைத்திருந்தாள். யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் பால்காரர் தெரியாமல் அதன் கையில் சொம்பை வைத்துவிட்டுப் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனி கடைசியில் பரமத்தி வேலூரில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள் போய்வர வேண்டும். கணவருக்கு லீவு இல்லை.

“ஏனுங்க, காத்தாலயும் பொழுதோடயும் கட்டுக்கெல்லாம் தண்ணி தெளிச்சுருங்க. மறந்துராதீங்க. ஒரு கட்டு உடப்படாது.”

“நானென்ன கொழந்தையா? தெளிச்சர்றேன் போ.”

ஆனி மாதத்தின் கடைசி நாள் உச்சிவேளைக்குத் திரும்பி வந்தேன். கணவர் கச்சேரியில் இருந்தார். வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. மூட்டையை இறக்கிவைத்து, செம்பைக் கையில் எடுத்தேன். படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு ஆடி…” நாலு படி. “பொறக்குது இல்ல?”

வந்துவிட்டாள். ஒரு கையில் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கு. சுவரில் கறுப்பாக எந்தப் புள்ளி தெரிந்தாலும் அதைக் குத்திப் பார்ப்பாளாம். ஈர்க்கு உள்ளே போனால் ஆணித் துளை, போகாவிட்டால் கொசு. வாத்தியார் குடும்பத்தை அந்த ஈர்க்குதான் வெளியேற்றியது.

வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தாள். பலகை, உறி, திரை, கோட்டு, குடை, கண்ணாடி. அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

“இது என்னாடி, மாடியா மாரியம்மன் தேரா?”

“அது… அம்மா, உக்காருங்க. பாய் போடறேன்.”

“உக்காந்தா எந்திரிக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே முழங்காலைப் பிடித்தவள், சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும் என்று கையை நீட்டி, பக்கத்திலிருந்த மூங்கிலைப் பற்றினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே ‘சடக்’ என்றது. கைமரத்துக் கட்டு அறுந்தது. மூன்று நாளாகத் தண்ணீரைக் காணாத நார் அது. முதலில் உறி விழுந்தது, ஜாடி உடைந்து ஊறுகாய் ஓடியது. பிறகு பலகை, டம்ளர்கள் ஒவ்வொன்றாக வராந்தாவரை உருண்டன. திரை தானாக அவிழ்ந்து இறங்கியது. குடை விழுந்தது. மூங்கில் வீட்டுக்காரம்மாளைக் கூட்டிக்கொண்டு சாய ஆரம்பித்தது. அதே சமயம் கண்ணாடியும் ஒரு பக்கக் கட்டு அறுந்து நழுவியது.

இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கண்ணாடியைப் பிடிக்க வேண்டும் என்று மனம் சொன்னதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கை அவளைத்தான் பிடித்தது. இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடி இன்னொரு மூங்கிலில் மிஞ்சிய கட்டோடு சரிந்து, ஒவ்வொரு கணுவிலும் சற்று நின்று நின்று, அவசரமில்லாமல் இறங்கி, கடைசிக் கணுவில் முழங்கால் உயரத்தில் தங்கிற்று. அதில் எங்கள் நாலு பாதங்கள் தெரிந்தன.

முடிந்தது என்று நினைத்தேன். கடலைக்காடு கண்ணில் வந்தது. வரிசை வரிசையாகக் களை.

“உடு என்னை” என்றாள் தெய்வநாயகியம்மாள். விட்டேன். ஊறுகாயைத் தாண்டி நேராகச் சுவரண்டை போனாள். கண்ணாடி இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினாள். மூக்கு சுவரில் படும்படி நின்று பார்த்தாள். ஒரு புள்ளியை ஈர்க்கால் குத்தினாள். கொசு. இன்னொன்று. அதுவும் கொசு. இந்தச் சுவர் முடிந்து அடுத்த சுவர். அதையும் முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“ஆணி எங்கடி?”

“ஆணி இல்லீங்கம்மா.”

“பின்ன இத்தனையும் எப்படி நின்னுது?”

“கட்டிப்போட்டனுங்க. வாழைநாருல. எங்கூர்ல கொடி கட்டற கட்டுங்க.”

“ரெண்டு மாசமாவா?”

“ஆமாங்க. தெனமும் தண்ணி தெளிச்சா நிக்குங்க. இவருகிட்டச் சொல்லிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனனுங்க…”

அவள் அறுந்த நாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கீழ வா” என்றாள்.

அவள் பின்னால் இறங்கினேன். கூடத்தில் சாய்வு நாற்காலிக்கு முன்னால் நின்று துண்டை எடுத்தாள். உள்ளே ஒரு பெரிய போட்டோ. கோட்டும் தலைப்பாகையுமாக, யாரோ சுவரில் சாய்ந்துவிட்டதைப் பார்த்தது போல முறைத்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

“எங்க ஊட்டுக்காரரு. நாலு வருசமா இப்படித்தான் உக்காந்திருக்காரு.”

“ஏனுங்கம்மா, மாட்டுலீங்களா?”

“எதுல மாட்டறது?” என்று என் மேல் பாய்ந்தாள். “சாவறதுக்கு மொத நாள்கூட, நாயகி, சுவத்தப் பாத்துக்கன்னு சொன்னாரு. உன்னைப் பாத்துக்கன்னு சொல்லல. சுவத்தப் பாத்துக்கன்னு சொன்னாரு. அவரு போட்டோவுக்கே அவரு சுவத்துல ஆணி அடிக்கச் சொல்றியா? தெனமும் கூட்டிப் பெருக்கறப்ப எடுத்து அந்தாண்ட நிக்க வைக்கிறேன், முடிஞ்சதும் எடுத்து உக்கார வைக்கிறேன். இந்த முழங்கால் போனதே அவரைத் தூக்கித்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவளைப் பார்த்தால் அவளும் அடக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்த ஓவர்சியரின் முறைப்புக்கு முன்னால் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவள் கண்ணில் நீர் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

கூடத்தில் இரண்டு மரத் தூண்கள் இருந்தன. மாடியிலிருந்து புது நாரைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தூணையும் சுற்றிக் கட்டி, நடுவே படத்தை ஏற்றினேன். முக்காலி மேல் நின்று, தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தேன்.

“கீழ எறக்கு” என்றாள்.

இறக்கினேன்.

“இன்னும் கீழ.”

“பெரியவங்க படமுங்க. அண்ணாந்து பாக்கறாப்பலதானுங்க இருக்கோணும்?”

“நாப்பது வருசம் அண்ணாந்து பாத்தாச்சு. கழுத்து நோவுது. என் கண்ணுக்கு நேராக் கட்டு.”

முக்காலியிலிருந்து இறங்கினேன். மாமனார் வீட்டுத் தூணில் மாட்டிய கண்ணாடியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. அன்றும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு நேராகப் படத்தைப் பிடித்து, ஒரு விரல் இடம் விட்டுக் கட்டினேன். அவள் எதிரில் வந்து நின்று, புருஷனை நேருக்கு நேராகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவருடைய முறைப்பு அந்த உயரத்தில் அவ்வளவு பயங்கரமாக இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவர் போலத்தான் இருந்தார்.

“இது எத்தனை நாளைக்கு நிக்கும்?”

“தெனமும் ரண்டு நேரம் தண்ணி தெளிச்சா நிக்குங்க.”

“யாரு தெளிக்கிறது?”

“நாந்தானுங்க.” பிறகு தயங்கினேன். “ஆனா ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போகோணுங்க. அதுக்கப்பறம்… நீங்க ஊடு இல்லீன்னு சொல்லீட்டீங்கன்னா மாமனாரு ஊட்டுக்குப் போறதுதானுங்க. இவரு மட்டும் எங்கயாச்சும் ரூமெடுத்துத் தங்கிக்குவாரு.”

“யாருடி ஊடு இல்லைன்னது?”

“நீங்க இன்னும் சொல்லுலீங்க.”

“நீ போயிட்டா இவருக்கு யாரு தண்ணி தெளிக்கிறது? உம் புருசனா? அவன் தெளிச்ச லட்சணத்தைத்தான் மேல பாத்தனே. பதினெட்டு நாள் நான் பாத்துக்கறேன். நோம்பி முடிஞ்ச மறுநாள் நீ இங்க இருக்கணும்.”

சாயங்காலம் கணவர் வந்தார். மாடியைப் பார்த்து, விழுந்தவற்றைப் பார்த்து, “ரண்டு நேரமும் தெளிச்சனே!” என்றார் பரிதாபமாக.

“எப்படித் தெளிச்சீங்க? செஞ்சு காட்டுங்க.”

டம்ளரில் தண்ணீர் எடுத்து, மூன்று விரல் நுனியை நனைத்து, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பது போல ஒரு தரம் சுண்டினார். மேட்டுக்காட்டில் பிறந்தவரிடம் தண்ணீரைக் கொடுத்தது என் தப்பு. ஒரு டம்ளரை மூன்று நாளைக்கு வைத்துச் செலவழித்திருக்கிறார். பாதி மிச்சமும் இருந்தது.

அன்றைக்கே தெய்வநாயகியம்மாள் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, என் மாமனாருக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். சாய்வு நாற்காலியில்தான் உட்காரவைத்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். அவள் சொல்லச் சொல்ல, கச்சேரி எழுத்தில் அப்படியே எழுதினார்: “தங்கள் மருமகள் சௌந்திரம் ஆடி நோம்பி கழிந்த மறுநாள் அவசியம் என் வீட்டில் இருக்க வேண்டியது. என் வீட்டுக்காரர் அவளை நம்பித்தான் நிற்கிறார்.”

மாமனார் அந்தக் கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்ததால் வேறு வழியில்லாமல் சம்மதித்தாராம்.

நோம்பி முடிந்த மறுநாள் நான் திரும்பி வந்தேன். ஓவர்சியர் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார், தலைப்பாகைவரை ஈரமாக. தெய்வநாயகியம்மாள் எதையும் குறைவாகச் செய்பவள் இல்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் கீழே இறங்கிப் போவேன். நான் தெளிக்கும்போது அவள் பக்கத்தில் நின்று, முந்தின நாள் யார் என்ன பேசினார்கள் என்று அவரிடம் சொல்வதைப் போல என்னிடம் சொல்வாள்.

ஒருநாள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தேன். தேங்காய் நார்க் கயிறு. வெயிலிலும் மழையிலும் பல வருஷமாக அப்படியே கிடக்கிறது. அவள் தினமும் அதைப் பார்க்கிறவள்தானே? அந்தக் கேள்வியை அங்கேயே கிணற்றில் விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில்கூட ஒரு விரல் இடம் இருப்பது நல்லதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். நான் மாடியில் மறுபடி எல்லாவற்றையும் ஈர நாரில் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்பிருந்த அதே உயரத்தில்.

“ஏம்முணி, உனக்குக் கிறுக்கா? பேட்டையில நூல் கயிறு விக்கிறான். வாங்கியாரட்டா? ஒருக்காக் கட்டிப்போட்டீன்னா ஆயுசுக்கும் நிக்கும். தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

“அண்ணா, மெதுவாப் பேசுங்க,” என்றேன். “கீழ கேக்கப் போகுது.”

செம்பை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.